தெரியாதா மெக்கானிக்

அவருக்குத் தெரு வைத்த பெயர் 'தெரியாதா'. தெரியாதா மெக்கானிக், தெரியாதா அண்ணன், ஆளுக்குக் கொஞ்சம் கோபம் இருந்தால் வெறும் தெரியாதா. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. முப்பத்திரண்டு வருடமாக யார் எந்த வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "அண்ணே, இது உங்களுக்குப் பிடிபடுமா?" என்று கேட்டாலும், கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், "எனக்குத் தெரியாதா?" என்பார். 'தெரியாது' என்ற சொல் அந்தக் கேள்வி வால் இல்லாமல் அவர் வாயிலிருந்து வந்ததே கிடையாது.

ஒரே ஒரு தடவை வந்தது. பட்டறை போட்ட முதல் மாதம். ஒரு பஸ் முதலாளி புது மாதிரி பம்பு ஒன்றை நீட்டி, பிரிக்கத் தெரியுமா என்று கேட்டார். "தெரியாதுங்க, ஒரு நாள் குடுங்க, பாத்து கத்துக்கிட்டுப் பிரிக்கிறேன்" என்று உள்ளதைச் சொன்னார். முதலாளி பம்பை எடுத்துக்கொண்டு அடுத்த பட்டறைக்குப் போய்விட்டார். அடுத்த பட்டறைக்காரன் அதை உருப்படாமல் அடித்தான் என்பது வேறு கதை. முதலாளி திரும்பி வரவில்லை, அவ்வளவுதான் நம் ஆளுக்கு மனதில் தங்கியது. அன்றிலிருந்து எதையும் தெரியும் என்று சொல்லி வாங்கிவைத்துவிட்டு, பிரித்துப் போட்டபின் தெரிந்துகொள்வதை வழக்கமாக்கிக்கொண்டார். பத்துக்கு ஒன்பது பலித்தும் விட்டது. கை அப்படிப்பட்ட கை. பத்தாவதை எப்படியோ பூசி மெழுகிவிடுவார்.

பட்டறை என்பது ஒரு தகரக் கொட்டகை, எண்ணெய் குடித்துக் கறுத்த சிமெண்டுத் தரை, சுவரில் வரிசையாக ஆணி. எந்த ஸ்பேனர் எந்த ஆணியில் என்பதற்குச் சுவரிலேயே கரியால் அதன் உருவத்தை வரைந்து வைத்திருப்பார். பின்பக்கம் மழை பெய்தால் களிமண் குழம்பாகிவிடும் காலி மைதானம். இடப்பக்கம் ஒரு சுவர் தள்ளி வெல்டிங் கடை. அதை நடத்துகிறவர் வெல்டிங்காரம்மா. புருஷன் வேறு வேலைக்குப் போக, கடை இவர் கையில். மெக்கானிக் அவரைத் 'தங்கச்சி' என்பார், அவர் இவரை 'அண்ணே' என்பார். ஒரு நாளைக்கு இரண்டு டீயாவது சுவருக்கு மேலே கைமாறும்.

மெக்கானிக்குக்கு ஒரே மகள். பள்ளிக்கூடம் விட்டால் நேராகப் பட்டறைக்கு வந்துவிடுவாள். எண்ணக் கற்றுக்கொண்டதே பல்சக்கரத்தின் பற்களை விரலால் தொட்டுத் தொட்டுத்தான். வளர்ந்தபின் வண்டி ஓட்டப் பழகியதும் பின்னால் இருந்த மைதானத்தில்தான். அவள் அப்பாவை 'நீ, வா, போ' என்றுதான் பேசுவாள். அம்மா எத்தனையோ தடவை அதட்டிப் பார்த்தாள். "அப்பாவ நீங்கன்னு சொல்லிப் பழகுடி, போற இடத்துல சிரிப்பாங்க."

"விடு, சொல்லிட்டுப் போகட்டும்" என்பார் மெக்கானிக். "ஊர்ல எல்லாரும் நீங்க நீங்கங்கிறாங்க. என்னை நீன்னு கூப்பிட வேற யார் இருக்கா?"

கல்யாணமாகிப் போன பிறகும் அவள் அதை மாற்றவில்லை. போன இடமும் தூரமில்லை, நாலு தெரு தள்ளித்தான். மாப்பிள்ளைக்கு டவர் வேலை. மலை உச்சியில் நிற்கும் செல்போன் டவர்களைப் பார்த்துக்கொள்கிற ஆள். ஒல்லியாக இருப்பார், யார் பேச்சையும் குறுக்கே வெட்டமாட்டார், வாக்கியத்தின் தொடக்கத்தில் ஒரு மாமா, முடிவில் ஒரு மாமா போடுவார். இப்படி ஒரு மருமகன் கிடைத்ததில் மெக்கானிக்குக்குத் தலைகால் புரியவில்லை. அவர் முன்னால் எதிலும் ஒரு பிடி குறைந்துவிடக்கூடாது என்ற எண்ணமும் அப்போதே வந்து உட்கார்ந்துகொண்டது.

கல்யாணமாகி எட்டாம் மாதம் டவர் கம்பெனி தன் ஜீப்பை எடுத்துக்கொண்டது. மலை டவருக்குச் சொந்த வண்டியில் ஏறிப் போகக்கூடியவர் அந்த வேலையில் இருக்கலாம். முடியாதவர் ஒரு நாள் பயணத் தொலைவில் உள்ள நகரத்துக்கு மாற்றிக்கொண்டு போகலாம் என்று கடிதம் வந்தது. மகள் தூரமாகப் போய்விடுவாள் என்றதும் மெக்கானிக்கின் வீட்டுக்காரி இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி மாப்பிள்ளையின் கைக்கு எட்டவில்லை. எட்டியது ஒரு பழைய பிக்கப். வெள்ளையாக இருந்து பழுப்பாகிப்போன வண்டி, தண்ணீர் கேன் ஏற்றிப் பிழைத்தது. பின்னால் இருக்கிற இரண்டு சக்கரம்தான் தள்ளும். முன்னால் இரண்டும் கூடவே உருண்டு போகும், அவ்வளவுதான்.

வண்டியோடு மாப்பிள்ளை பதினொரு தாள் கொண்டுவந்தார். எங்கோ தேடி எடுத்து, அச்சடித்து, மூலையில் பின் அடித்திருந்தார்.

"மாமா, ரெண்டு சக்கரம் தள்ளுற வண்டிய காட்டுப் பாதைக்கு எப்படித் தயார் பண்றதுன்னு இதுல வரிசையா போட்டிருக்கு மாமா. உங்களுக்குத் தெரியாததில்ல. சும்மா ஒரு பார்வை..."

"எனக்குத் தெரியாதா மாப்ள?"

"இல்ல மாமா, ஒண்ணே ஒண்ணு. ஏழாவது தாள்ல சிவப்புக் கோடு போட்டிருக்கேன். டிஃபரன்ஷியல வெல்டு வச்சு ஒட்டிடக் கூடாதாம். காட்டுல நல்லா ஏறும், தார் ரோட்டுல ஆபத்துன்னு போட்டிருக்கான்."

"அட, அதெல்லாம் நான் செய்வேனா?" என்று சிரித்தார் மெக்கானிக். மாப்பிள்ளை போனதும் அந்தத் தாள்களை மேசையில் போட்டு அதன்மேல் டீ கிளாசை வைத்தார். தாள் படித்துத் தொழில் செய்கிற நிலைமை இன்னும் வந்துவிடவில்லை என்று சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி சொல்லவும் செய்தார்.

சொன்னதோடு நில்லாமல் வேலையும் பார்த்தார், அதில் குறை சொல்ல முடியாது. பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றித் துரு சுரண்டி, ஒவ்வொரு பக்கமும் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்து வண்டியை நாலு விரல் உயர்த்தினார். அதற்கேற்ப முன்பக்கத்தையும் தூக்கினார். எஞ்சினின் வயிற்றில் பாறை இடிக்காமல் இருக்கக் கனத்த இரும்புத் தகடு ஒன்றை வளைத்துப் பூட்டினார். தாழ்ந்து தொங்கிய சைலன்சரை மேலே ஏற்றிக் கட்டினார். ஏறும் படியை அறுத்தெறிந்தார். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு கொக்கிகள். ஆழமாக வெட்டுவிட்ட புது டயர் நாலு. காலியாகப் போனால் பின்பக்கம் பிடிப்பில்லாமல் துள்ளும் என்று, மணல் மூட்டை வைக்கப் பின் அச்சுக்கு நேர் மேலே மரச்சட்டம் அடித்தார். கயிறு, மண்வெட்டி, சேற்றில் போட இரண்டு பலகை, காற்றைக் குறைத்துவிட்டுத் திரும்ப அடித்துக்கொள்ள ஒரு சின்னப் பம்பு என்று எல்லாவற்றுக்கும் பெட்டியில் இடம் செய்தார். பாதிக்கு மேல் அந்தத் தாளில் இருந்த விஷயம்தான். டீ கிளாசைத் தூக்கிவிட்டு யாரும் இல்லாத நேரத்தில் படித்துக்கொண்டார் என்பது வெல்டிங்காரம்மாவுக்கு மட்டும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பின்னால் இருந்த மைதானத்தில் வண்டியை ஓட்டிக் காட்டினார். முந்தின நாள் மழை பெய்து களிமண் குழைந்திருந்தது. மாப்பிள்ளை வெளுத்த சட்டையில் வந்திருந்தார். மகளும் வந்திருந்தாள். டீக்கடை பெஞ்சு முழுக்க எழுந்து வந்து வேலியோரம் நின்றது. மெக்கானிக் ஒரு கையால் ஸ்டீரிங்கைப் பிடித்து, மறு கையை ஜன்னலில் போட்டு, வாயில் ஒரு சிரிப்போடு உள்ளே இறக்கினார். இருபதடி போனது. இடப்பக்கத்துப் பின்சக்கரம் ஒரு குழியில் இறங்கிப் பம்பரமாகச் சுற்ற ஆரம்பித்தது. கெட்டியான தரையில் நின்ற வலப்பக்கத்துச் சக்கரம் அசையக்கூட இல்லை.

டிஃபரன்ஷியலின் குணம் அது. பின் அச்சின் நடுவே ஓர் இரும்பு உருண்டை. அதற்குள் நாலு குட்டிப் பல்சக்கரம். வண்டி திரும்பும்போது வெளிப்பக்கத்துச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உட்பக்கம் குறைவாக. இரண்டையும் அதனதன் வேகத்தில் ஓடவிடுவது அந்த நாலு குட்டிகளின் வேலை. தார் ரோட்டில் அதைவிட உத்தமம் இல்லை. சேற்றில் மட்டும் நியாயம் தலைகீழ்: சும்மா சுற்றுகிறவனுக்கே எல்லா பலமும் போய்ச் சேரும், காலூன்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் கிடைக்காது.

"அண்ணே, வண்டிக்கு வழி தெரியாதா?" என்று டீக்கடைக்காரர் கத்தினார். வேலியே குலுங்கச் சிரித்தார்கள். மெக்கானிக் இன்னும் அழுத்தினார், வண்டி இன்னும் புதைந்தது. மாப்பிள்ளை செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சேற்றில் இறங்கிப் பின்னாலிருந்து தள்ளினார். சுற்றிய சக்கரம் அவர்மேல் தலையிலிருந்து கால்வரை களிமண்ணை வாரி அடித்தது. அவர் அதைத் துடைக்கவும் இல்லாமல் ஜன்னலுக்கு வந்து, "உங்க வேலைல குறை இல்ல மாமா. ரெண்டு சக்கரம் மட்டும் தள்ளுற வண்டின்னா இப்படித்தானாம். லாக்கர்னு ஒரு சாமான் இருக்கு. அத வச்சு சேத்துல ரெண்டு பின்சக்கரத்தையும் ஒண்ணா பூட்டிக்கலாம், ரோட்டுக்கு வந்ததும் விடுவிச்சுடலாம். எழுதிப் போட்டா மூணு வாரத்துல வரும்" என்றார்.

அந்த ஆறுதல்தான் மெக்கானிக்கைத் தின்றது. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"மூணு வாரம் எதுக்கு மாப்ள? புதன்கிழமை வாங்க" என்றார். "எனக்குத் தெரியாதா?"

திங்கட்கிழமை மத்தியானம் அந்த இரும்பு உருண்டை வெல்டிங்காரம்மாவின் மேசையில் இருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாலையும் ஒண்ணா ஒட்டிட்டா ரெண்டு சக்கரமும் சேந்துதானண்ணே சுத்தும்? ரோட்டுல எப்படித் திரும்பும்?"

"திரும்பும் தங்கச்சி. கொஞ்சம் முரண்டு பண்ணும், அவ்வளவுதான்."

"மழை பெஞ்சா?"

"எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியும்ணே. ஓட்டறவருக்குத் தெரியணும்ல? மாப்பிள்ளைகிட்ட சொல்லிடுங்க."

"சொல்லிடறேன், நீ வை."

அவர் முகமூடியை இறக்கிக்கொண்டு வெல்டு வைத்தார். பொறி பறந்தது. பத்து நிமிட வேலை.

சொல்லிவிடத்தான் நினைத்தார். செவ்வாய்க்கிழமை முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். எப்படிச் சொன்னாலும் அது 'செய்ய மாட்டேன் என்று சொன்னதைச் செய்துவிட்டேன், வேறு வழி எனக்குத் தெரியவில்லை' என்றுதான் வந்து முடிந்தது. அந்தக் கடைசி வார்த்தையைத் தாண்ட அவரால் ஆகவில்லை. அதற்குப் பதில் வேறொன்று செய்தார். இரண்டு பின்சக்கரமும் ஒட்டிப்போன வண்டி சிமெண்டுத் தரையில் திரும்பினால் டயர் கிறீச்சென்று கத்தும். ஆகவே செவ்வாய் சாயங்காலமே, யாரும் இல்லாத சமயம் பார்த்து, வண்டியின் மூக்கை நேராக மைதானத்தைப் பார்க்க வைத்து நிறுத்திக்கொண்டார். செய்த தப்பிலேயே அழகாகச் செய்த பகுதி இதுதான் என்று பிற்பாடு அவரே தன்னைக் காறித் துப்பிக்கொண்டார்.

புதன்கிழமை வண்டி சேற்றை உழுதுகொண்டு போனது. குழியில் இறங்கி ஏறியது, மைதானத்தைக் குறுக்கும் நெடுக்கும் கடந்தது, சேற்றிலேயே திரும்பியது. சேற்றில் டயர் கத்தாது. டீக்கடைக்காரரே கைதட்டினார். மகள் ஓடிவந்து, "அப்பா, நீ கில்லாடிப்பா!" என்று அவர் தோளில் அடித்தாள். மாப்பிள்ளை அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"எப்படி மாமா? லாக்கர் எங்கயாவது கிடைச்சிடுச்சா மாமா?"

மெக்கானிக் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "தொழில் ரகசியம் மாப்ள" என்றார். யாரையும் சந்தேகப்பட்டுப் பழக்கமில்லாத மாப்பிள்ளை அதற்கும் மனசாரச் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது.

"மாமா, மலை சூப்பரா ஏறுது மாமா. ரோட்டுல மட்டும் திரும்பறப்ப பின்டயர் கிறீச் கிறீச்னு கத்துது. வண்டி திரும்பவே யோசிக்கற மாதிரி இருக்கு. ஏன் மாமா?"

கேட்டார், கேட்டே விட்டார். சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. 

"புது டயர் மாப்ள. மேல் ரப்பர் தேயற வரைக்கும் அப்படித்தான் இருக்கும். போகப்போக சரியாயிடும்."

"அதானே பாத்தேன். சரி மாமா."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது வெல்டிங்காரம்மா சுவருக்கு மேலே டீயை நீட்டியபடி நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருந்தது.  டீயைச் சுவர்மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு பதினொரு நாள் வேறு குறை இல்லை. பன்னிரண்டாம் நாள் மகள், புருஷன் ஏறி இறங்குகிற டவரை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று கூடவே கிளம்பினாள். உச்சிவரை சுகமாகப் போனார்கள். இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. காட்டுப் பாதையெல்லாம் தாண்டி, இனிமேல் என்ன பயம் என்று தார் ரோட்டில் ஏறிய பிறகு, மூன்றாவது வளைவில் மாப்பிள்ளை ஸ்டீரிங்கைத் திருப்பினார். முன்சக்கரம் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. ஒட்டிப்போன பின்சக்கரங்கள் இரண்டும் நேராகத் தள்ளிக்கொண்டே போக, வண்டி ரோட்டோரத்துக் கல் தடுப்பில் மோதியது. மாப்பிள்ளைக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. மகளுக்குப் புருவத்துக்கு மேலே நாலு தையல்.

மெக்கானிக்கும் வீட்டுக்காரியும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மகள் கட்டுப் போட்ட தலையோடு புருஷனைக் காய்ச்சி எடுத்துக்கொண்டிருந்தாள். பயம் தெளியாதவர்களுக்கு வருகிற கோபம் அது.

"எங்கப்பா ராப்பகலா உக்காந்து அவ்வளவு நல்லா செஞ்சு குடுத்த வண்டி. ஒரு வளைவு திருப்பத் தெரியலையா உங்களுக்கு?"

 மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்ததும், கட்டிய கையோடு எழுந்திருக்கப் பார்த்தார்.

"மாமா, மன்னிச்சிடுங்க மாமா. புது டயர்னு நீங்க சொல்லியும் நான்தான் அதுக்கேத்த மாதிரி மெதுவா வரல. உங்க உழைப்ப வீணாக்கிட்டேன். உங்க பொண்ணு நெத்தியில..."

  தான் சொன்ன பொய்யைத் தன்னிடமே திருப்பிச் சொல்லி ஒருவர் மன்னிப்புக் கேட்பதை மெக்கானிக் இதுவரை பார்த்ததில்லை. வெட்கம் காதுவரை சுட்டது. பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே, "காபி குடிக்கிறீங்களா மாப்ள?" என்று கேட்டார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

அடுத்து வந்த நாட்கள் அதைவிட மோசம். ஊரே அவர் பக்கம் நின்றது. "அண்ணன் வேலை சுத்தமான வேலை, ஓட்டினவர் கைதான் சரியில்ல" என்றது டீக்கடை. "மாப்ளைக்கு ஓட்டத் தெரியாததுக்கு நீங்க ஏன் சோத்தைத் தள்ளி வைக்கறீங்க?" என்றாள் வீட்டுக்காரி. ஒவ்வொரு பாராட்டும் கன்னத்தில் விழுகிற அறைபோல இருந்தது. அதை வாங்கிக்கொண்டு மறுக்காமல் நின்றது அதைவிடக் கேவலம். அது அவருக்கும் தெரிந்தே இருந்தது. மறுக்க வாய் எடுக்கும்போதெல்லாம் ஒரு வாடிக்கைக்காரர் வந்துவிட்டார், அல்லது வந்துவிட்டதாக இவர் வைத்துக்கொண்டார்.

வண்டியைக் கட்டி இழுத்துவந்து பட்டறையில் விட்டிருந்தார்கள். பழைய வண்டி உடைக்கிற இடத்தில் அதே மாதிரி டிஃபரன்ஷியல் ஒன்று தேடிப் பிடித்து வந்தார். வெல்டு வைத்ததை வெளியே எடுத்தார், நல்லதைப் பூட்டினார். இனி யார் பிரித்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. எடுத்ததை ஒரு பழைய பனியனில் சுற்றி, பழைய இரும்பு டிரம்மில் போடப் போனார். போடும்போது சுவருக்கு மேலே தலை தெரிந்தது.

"அண்ணே, சொல்லிட்டீங்களா?"

"சொல்லலாம் தங்கச்சி. உடம்பு தேறட்டும்."

"என் கை வச்ச வெல்டுண்ணே அது. அந்தப் பொண்ணு தலைக்கட்டோட வந்து என்கிட்ட நல்லாருக்கீங்களா அத்தைன்னு கேட்டுட்டுப் போகுது. எனக்கு மூஞ்சி குடுக்க முடியல." சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, "நானா போய்ச் சொல்ல மாட்டேன். என்னைக் கேட்டா பொய் சொல்லவும் மாட்டேன்" என்றார்.

மெக்கானிக் பனியன் மூட்டையை டிரம்மில் போடவில்லை. மேசைக்கு அடியில் தள்ளிவைத்தார். அதைத் தைரியம் என்று சொல்லிவிட முடியாது. வெல்டிங்காரம்மா பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

ஒன்பதாம் நாள் மகளும் மாப்பிள்ளையும் பட்டறைக்கு வந்தார்கள். மாப்பிள்ளையின் கை கழுத்தில் தொங்கியது. மகளுக்குக் கட்டுப் பிரித்திருந்தது; புருவத்துக்கு மேல் கறுத்த கோடு தெரிந்தது. மெக்கானிக் இரண்டு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். மாப்பிள்ளை உட்காரவில்லை.

"மாமா, ஒரு விஷயம் சொல்லிட்டுப் போலாம்னு வந்தோம் மாமா. அந்த ஊர் மாத்தலுக்குச் சரின்னு எழுதிக் குடுத்துடலாம்னு இருக்கேன். அங்க ஆபீஸ்ல உக்காந்து பாக்கற வேலை. எனக்கு வண்டி சரிப்படல மாமா. ஸ்டீரிங்கத் தொட்டாலே அந்த வளைவுதான் கண்ணுல நிக்குது. என்னை நம்பி உங்க பொண்ண ஏத்திக்கிட்டுப் போக எனக்கு இனிமே தைரியம் இல்ல."

மகள் தரையைப் பார்த்தாள். முடிவு அவளுக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அதை எதிர்க்கவும் அவளால் முடியவில்லை. மாப்பிள்ளை போய் வண்டியின் பானெட்டை நல்ல கையால் தடவினார்.

"நல்ல வண்டி. ஓட்டத் தெரிஞ்சவங்க யாருக்காவது குடுங்க மாமா" என்றார்.

மெக்கானிக் மேசைக்கு அடியில் குனிந்தார். நிமிர நேரமாயிற்று. பனியன் மூட்டையைக் கொண்டுவந்து, அதே ஏழாவது தாளின் மேல், டீ கிளாஸ் வட்டத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பிரித்தார்.

"என்ன மாமா இது?" என்றார் மாப்பிள்ளை. அவருக்குப் புரியவில்லை.

மகளுக்குப் புரிந்தது. பல்சக்கரத்தைத் தொட்டு எண்ணிப் பழகிய விரல் தானாக நீண்டது. நாலு குட்டிச் சக்கரத்தையும் சேர்த்து மேலே ஒரே வெல்டு, பல்லுக்கும் பல்லுக்கும் இடையில் எண்ண இடமில்லாமல் வழிந்து இறுகியிருந்தது. விரல் அதன்மேல் ஒருமுறை போய்வந்தது. பிறகு தாளில் இருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். பிறகு அப்பாவை.

"இதை எப்ப செஞ்சீங்க?"

செஞ்சீங்க. முதலில் அது தன்னிடம் கேட்டதுதான் என்றுகூட மெக்கானிக்குக்கு உறைக்கவில்லை. இருபத்தைந்து வருடத்தில் அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை அவருக்கு வந்ததில்லை.

"சேத்துல மாட்டின மறுநாள்" என்றார்.

"இவர் போன் பண்ணாரே, டயர் கத்துதுன்னு. நானும் பக்கத்துலதான் இருந்தேன். அது ஏன் கத்துதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெருவே அவரைக் கேலி செய்கிற வார்த்தை. ஆனால் அவள் கேலி செய்யவில்லை. நிஜமாகவே கேட்டாள். அதில் ஓர் ஆசையும் இருந்தது; தெரியாது என்று அவர் சொல்லிவிட மாட்டாரா என்று அந்த முகம் காத்துக்கொண்டிருந்தது. தெரியாமல் செய்துவிட்ட அப்பாவை அவள் அந்த இடத்திலேயே மன்னித்துவிடுவாள். முப்பத்திரண்டு வருடமாக வாயில் நுழையாத சொல், இப்போது வெளியே வரத் தயாராக நாக்கு நுனியில் வந்து நின்றது.

"தெரியும்" என்றார்.

வெல்டிங் கடையில் சத்தம் நின்றிருந்தது. மாப்பிள்ளை மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். தொங்கிய கையையே பார்த்தார், இத்தனை நாள் தன்மேல் தான் சுமந்ததை இறக்கிவைக்க இடம் தேடுகிறவரைப்போல.

"அப்ப என் மேல தப்பில்லையா மாமா?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை.

"இல்ல மாப்ள. ஒரு துளிகூட இல்ல. எல்லாம் நான்." மெக்கானிக் கையைத் துடைக்கத் துணி தேடினார். கை சுத்தமாகத்தான் இருந்தது. "லாக்கர் எப்படிப் பூட்டறதுன்னு எனக்குத் தெரியாது. அத சொல்ல வெக்கமா இருந்துச்சு."

மகள் புருஷனின் நல்ல கையைப் பிடித்து எழுப்பினாள். வாசல்வரை போய், திரும்பிப் பார்க்காமல், "அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றாள்.

அவர் வீட்டுக்காரியிடம் சொன்னார். சாயங்காலம் டீக்கடைக்குப் போய், பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்கும்படி அங்கேயும் சொன்னார். கேட்டவர்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

மாப்பிள்ளை மாற்றலுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. கை சேரும்வரை லீவு வாங்கிக்கொண்டு, அந்த லாக்கருக்கு எழுதிப் போட்டார். அதைப் பூட்டுகிற வேலையையும் மாமாவே செய்யட்டும் என்றார். அப்படிச் சொன்னதற்கு மகள் அவரிடம் இரண்டு நாள் பேசவில்லையாம். சாமான் வந்தபோது மெக்கானிக் தாளைக் கண்ணாடி போட்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். புரியாத இடத்தில் மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, "இது என்னன்னு எனக்குத் தெரியல, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க மாப்ள" என்று கேட்டார். மூன்று நாளில் முடிகிற வேலை எட்டு நாள் ஆயிற்று.

வண்டியை எடுக்க இருவரும் வந்தார்கள். மெக்கானிக் அதை மைதானத்துக்குக் கொண்டுபோகவில்லை. கொட்டகைக்குள்ளேயே, சிமெண்டுத் தரையில், ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்து வட்டமாக ஒருமுறை, மாற்றி ஒடித்து ஒருமுறை சுற்றிக் காட்டினார். டயர் கத்தவில்லை. இறங்கி வந்து சாவியை மாப்பிள்ளையிடம் நீட்டினார். மாப்பிள்ளை அதை வாங்கி மனைவியிடம் கொடுத்தார்.

"சரியா இருக்கா?" என்று அவள் கேட்டாள்.

"எனக்குச் சரின்னுதான் படுது. நீ ஒருதடவ ஓட்டிப் பாத்து சொல்லும்மா."

அவள் ஏறி உட்கார்ந்து சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். கண்ணாடியைத் திருப்பினாள். அதில் ஒரு கணம் அவள் புருவத்துக்கு மேலிருந்த கோடு அவருக்குத் தெரிந்தது. வண்டியைக் கிளப்பிவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"தள்ளி நில்லுங்க" என்றாள்.

அவர் தள்ளி நின்றார்.